ஏழு மட்டும்

மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடம் படிப்பித்தவர்கள் நாங்கள். டீச்சர் என்று கூப்பிட்டு, நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டோம். ஆனால் மனதுக்குள் நான் அவளை ஒரு நாளும் 'அவர்' என்று நினைத்ததில்லை. பொறாமைப்படுகிற ஆளை மனம் மரியாதையாகக் கூப்பிடாது. அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

நான் மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பதினெட்டு வருஷம் முடிந்துவிட்டது. வீடு உக்குவளையில். காலையில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. சேலையை ஒரு கையாலும் கம்பியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒன்பது வருஷம் பதினொன்று ஏ வகுப்பின் கணிதம் என்னுடையது. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளில் நல்ல பிள்ளைகள் எல்லாம் அந்த வகுப்பில்தான் இருப்பார்கள். பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்ட பிறகு, 'படிப்பித்த ஆசிரியை' என்று சொல்லி என்னையும் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் வருஷம் முழுக்க உழைத்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அவள் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றலாகி வந்தாள். அலுவிகாரையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒல்லியான உருவம், கொஞ்சம் பெரிய பல், சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் நாள் ஆசிரியர் அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். என் பக்கத்துக் கதிரையில் இருந்த கொப்பிக் கட்டை எடுத்துக் கீழே வைத்து, "இங்க உக்காருங்க" என்று சொன்னவளும் நான்தான். அன்றைக்கு அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் வந்தது ஒரு கணக்கால். பதினொன்று ஏ பிள்ளை ஒன்று எங்கிருந்தோ ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. 3ˣ − 2ʸ = 1. மூன்றை எத்தனை தரம் பெருக்கி, இரண்டை எத்தனை தரம் பெருக்கிக் கழித்தால் ஒன்று வரும். அப்படி வருகிற பின்னமில்லாத எல்லா நிறைவெண்களையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதை வலு என்போம். நான் பார்த்தேன். இரண்டு தெரியாக் கணியம், ஒரே ஒரு சமன்பாடு. மடக்கை போட்டாலும் நகராது. "இது உங்க சிலபஸ்ல இல்ல, பாஸ் பேப்பரைச் செய்ங்க" என்று அனுப்பிவிட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே சிலபஸில் இல்லை.

அந்தப் பிள்ளை இடைவேளைக்கு அவளிடம் போயிருக்கிறது. நான் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் ஒரு கடதாசியை வைத்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "முதல்ல சின்ன எண்ணாப் போட்டுப் பாருங்க. y ஒண்ணுன்னா x ஒண்ணு, சரியா? y அதைவிடப் பெருசுன்னா என்ன நடக்குதுன்னு பார்ப்போம். அப்ப மூணோட வலுவை நாலால வகுத்தா மீதி ஒண்ணு வரணும். மூணுக்கு மீதி மூணு, ஒன்பதுக்கு மீதி ஒண்ணு, இருபத்தேழுக்குத் திரும்ப மூணு. அப்ப x இரட்டை எண்ணாத்தான் இருக்கணும். இரட்டைன்னா இதை இரண்டு வர்க்கத்தோட வித்தியாசமாப் பிரிக்கலாம். ரெண்டு காரணி வருது. ரெண்டுமே ரெண்டோட வலு, ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு. அப்பிடி எந்த எண்ணுங்க இருக்கு?"

பிள்ளை யோசித்துவிட்டு, "ரெண்டும் நாலும்" என்றது.

"வேற?"

"வேற இல்ல டீச்சர்."

"அப்ப எட்டு. ஒன்பதுல எட்டுப் போனா ஒண்ணு. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு."

பிளேன்டி என் கையில் ஆறிப்போனது. நகராது என்று நான் துரத்திவிட்ட கணக்கு, நாலால் வகுத்துப் பார்த்ததும் அவள் கையில் நகர்ந்துவிட்டது. அதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட இல்லை. மீதி தெரியும், இரட்டை ஒற்றை தெரியும், வர்க்க வித்தியாசத்தை வருஷா வருஷம் படிப்பிக்கிறேன். எல்லாம் என்னிடமும் இருந்தது. கையில் எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தெரியாத விஷயத்தைச் செய்துகாட்டியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அவள் செய்வது எல்லாம் என் கண்ணில் குத்த ஆரம்பித்தது. பிள்ளைகள் இடைவேளைக்கு அவள் மேசையைச் சுற்றி நின்றால், 'வகுப்புல ஒழுங்காப் படிப்பிச்சா இடைவேளைக்கு ஏன் வரணும்' என்று நினைப்பேன். என் மேசைக்கு ஒரு பிள்ளையும் வராவிட்டால், 'நான் வகுப்பிலேயே விளக்கிவிடுகிறேன், அதான்' என்று நினைத்துக்கொள்வேன். நான் பழைய பரீட்சைத் தாள்களிலிருந்து கணக்கை எடுத்துக் கொடுப்பவள். அவள் கணக்கைத் தானே உண்டாக்குகிறவள். பஸ் டிக்கட்டின் பின்பக்கம், சீனிச் சுருள் கடதாசி, எதைக் கண்டாலும் அடி எண்ணும் அதன் தலையில் ஏறும் சுட்டியுமாக எழுதிக்கொண்டிருப்பாள். இந்த எண்ணைப் போட்டால் அழகாக வருமா, அந்த எண்ணைப் போட்டால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்களா என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு கணக்குக்கூடச் சொந்தமாக உண்டாக்கியதில்லை. அவளைப் பார்க்கும் வரை அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது.

வயிற்றெரிச்சலுக்கு மேல் வயிற்றெரிச்சலாக, அந்த வருஷம் பத்து ஏ வகுப்பு அவளிடம் இருந்தது. மூன்றாம் தவணை தொடங்கியதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்காமல் பேசுவார்.

"டீச்சர், அடுத்த வருஷம் பத்து ஏ பிள்ளைங்க பதினொன்னுக்கு ஏறுறாங்க. அவங்க டீச்சரும் அவங்களோடயே ஏறிப் போனா நல்லம்னு தாய் தகப்பன்மார் சில பேரு சொல்றாங்க. நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல்ல. தவணைப் பரீட்சை முடிஞ்சு கூட்டத்துல பேசுவோம்."

"சரிங்க சேர்" என்றேன். வெளியே வந்தேன். ஒன்பது வருஷமாக என் பெயரில் இருந்த வகுப்பு. 'தாய் தகப்பன்மார் சில பேரு' யார் யார் என்று பஸ்ஸில் வீடு போகும் வரை மனதுக்குள் பெயர் பெயராக எண்ணிக்கொண்டு போனேன்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணிதத் தாளை ஒருவர் தயாரித்தால் இன்னொருவர் அதைச் செய்து பார்க்க வேண்டும். விடையைப் பார்க்காமல், பிள்ளை மாதிரி உட்கார்ந்து, மணி பார்த்துச் செய்ய வேண்டும். பிள்ளைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஆசிரியருக்கு ஒரு மணித்தியாலம். செய்த தாளில் கையெழுத்துப் போட்டுத் தயாரித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை, எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிய தன் புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஏதாவது வித்தியாசம் இருந்தால் இரண்டு பேரும் பேசித் தீர்ப்பார்கள். பிறகு எல்லாம் ஒரே ஃபைலுக்குள் போகும். தாளில் பிழை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பத்தாம் வகுப்புத் தாளை அவள் தயாரித்தாள். செய்து பார்க்கிற முறை எனக்கு. ஒரு வியாழக்கிழமை ஓய்வுப் பாடவேளையில் உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலம் வேண்டாம், நாற்பது நிமிஷத்தில் முடித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முடித்தும்விட்டேன். கடைசிக் கேள்வி இதுதான்:

(x − 4)ˣ⁻⁷ = 1. இச்சமன்பாட்டின் நிறைவெண் தீர்வுகள் அனைத்தையும் காண்க.

பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஒரு எண்ணுக்குச் சுட்டி பூச்சியம் என்றால் விடை ஒன்று. சுட்டி x − 7. அது பூச்சியமாக x ஏழாக இருக்க வேண்டும். ஏழில் நாலு போனால் மூன்று, மூன்றின் பூச்சிய வலு ஒன்று. ஒரு வரியில் எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்றார்களே, கடைசிக் கேள்விக்கு இதுதான் கிடைத்ததா என்று நினைத்துக்கொண்டே தாளை அவளிடம் நீட்டினேன்.

"முடிச்சிட்டீங்களா டீச்சர்? அதுக்குள்ளயா?" என்று அவள் கேட்டாள்.

"சின்னப் பேப்பர்தானே. பிழை ஒண்ணும் இல்ல" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு ஆறு புள்ளி. ஒரு வரி வேலைக்கு யார் ஆறு புள்ளி கொடுப்பார்கள்? 'தீர்வுகள் அனைத்தையும்' என்று ஏன் எழுத வேண்டும்? வீட்டுக்குப் போய் நெத்தலி ஆய உட்கார்ந்தேன். தலையைக் கிள்ளிக் குடலை எடுத்துக்கொண்டே மனதில் எண்களைப் போட்டுப் பார்த்தேன், அவள் செய்வது போலவே. x ஐந்து என்றால்? அடி ஒன்று. ஒன்றுக்கு எந்த வலு போட்டாலும் ஒன்றுதான். ஐந்தும் விடை. கை நின்றது. x மூன்று என்றால்? அடி மைனஸ் ஒன்று, சுட்டி மைனஸ் நாலு. மைனஸ் ஒன்றுக்கு இரட்டை எண் சுட்டியாக வந்தால் விடை ஒன்று. மூன்றும் விடை.

மூன்று விடை இருக்கிற கணக்குக்கு ஒரு விடையை எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாகப் படிப்பித்துப் படிப்பித்து, பூச்சியச் சுட்டியைக் கண்டால் கை தானாக எழுதிவிடுகிறது. அது எனக்காகவே போட்ட பொறி மாதிரி இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விதிகளைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. அந்த அழகுதான் என்னை எரித்தது. இப்படி ஒன்றை என் வாழ்நாளில் நான் உண்டாக்கியிருந்தால் போதும் என்று தோன்றியது. உடனே அவளை அறைய வேண்டும் போலவும் தோன்றியது.

ஃபோனைக் கையில் எடுத்தேன். 'டீச்சர், கடைசிக் கேள்வியில நான் ரெண்டு விடைய விட்டுட்டேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் நம்பர் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அவள் இந்நேரம் என் தாளைப் பார்த்திருப்பாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்திருப்பாள், நாளைக்கு ஆசிரியர் அறை முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். நானே போய்த் தலையைக் கொடுப்பானேன்?

மறுநாள் காலையில் அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் ஃபைல் இருந்தது.

"டீச்சர், அந்தக் கடைசிக் கேள்வி... ஏழு மட்டும்தானே?"

எப்படிப்பட்ட குரலில் கேட்டாள் என்று இப்போது எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும், சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றைக்கு என் காதுக்கு அது நக்கலாகக் கேட்டது. என்னை எல்லார் முன்னாலும் வைத்துச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் சமயப் பாட டீச்சர் வேறு உட்கார்ந்திருந்தார்.

"ஏழு மட்டும்தான். நான் செஞ்சு தந்ததுல சந்தேகமா?" என்று கேட்டேன்.

"இல்ல இல்ல டீச்சர். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று விடை என்று தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன். அதை மழுப்ப முடியாது.

பரீட்சை நடந்தது. தாளைத் தயாரித்தவர் திருத்த, மற்றவர் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது எங்கள் முறை. அவள் திருத்திய விடைத்தாள் கட்டும், சுத்தப் பிரதியாக எழுதிய புள்ளித் திட்டத்தின் போட்டோ கொப்பி ஒன்றும் என் மேசைக்கு வந்தன. முதல் வேலையாகக் கடைசிக் கேள்வியைத் தேடினேன். x = 7 என்று மட்டும் இருந்தது. அதற்கு ஆறு புள்ளி.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அவளுக்கும் தெரியவில்லை. தனக்குள்ளே எழுதி எழுதிச் சிரித்துக்கொள்கிறவளுக்கு, தான் உண்டாக்கிய கணக்கின் விடையே முழுதாகத் தெரியவில்லை. ஏழு மட்டும்தானே என்று வந்து கேட்டது அதனால்தான், அவளிடம் இருந்ததும் ஏழு மட்டும்தான் என்று கணக்குப் போட்டேன். வேறு ஒரு காரணமும் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது. ஒரு ஓரமாகத் தோன்றியதை அந்த ஓரத்திலேயே உட்கார வைத்துவிட்டேன்.

மூன்று விடையும் கண்ட இரண்டு மூன்று பிள்ளைகளில் ஒரு பெண்பிள்ளையின் விடைத்தாளும் அந்தக் கட்டில் இருந்தது. ஏழு, ஐந்து, மூன்று என்று மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டுச் சரிபார்த்தும் இருந்தது. ஐந்துக்கும் மூன்றுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, மேலதிகமாக எழுதியதற்கு நாலு புள்ளி வெட்டியிருந்தது. மொத்தம் எழுபத்தொன்று. அந்த நாலும் கிடைத்திருந்தால் எழுபத்தைந்து, ஏ. நான் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று சரியாக இருந்தது. சரி பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். இன்னும் நாலு நாளில் கூட்டம் வருகிறதே, அதிபர் முன்னால் இதை எடுத்தால்தான் மதிப்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன்.

கூட்டம் அதிபர் அறையில் நடந்தது. அதிபர், கணித ஆசிரியர்கள் நாலு பேர், சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. பத்து ஏ பெறுபேறு நன்றாக இருந்தது. அதிபர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கண்டதும் நான் எழுந்துவிட்டேன்.

"சேர், ஒரு விஷயம். கடைசிக் கேள்வியில பிழை இருக்கு. கூட்டிப் பார்க்கும்போதுதான் கண்டேன்."

பலகைக்குப் போனேன். சமன்பாட்டை எழுதினேன். ஏழு எப்படி வருகிறது, ஐந்து எப்படி வருகிறது, மூன்று எப்படி வருகிறது என்று வகுப்பில் விளக்குவது போல நிதானமாக விளக்கினேன். "ரெண்டு மூணு பிள்ளைங்க சரியா எழுதி இருக்காங்க. அதுக்குப் பிழை போட்டு மார்க்ஸ் வெட்டி இருக்கு" என்று முடித்தேன். மார்க்கரை மூடி, அதன் இடத்தில் வைத்தேன். அவ்வளவு தயாராக வந்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு கணக்கில் எங்கே பிழை போனது என்று தேடுகிறவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். என் எழுத்து எனக்கு அந்தத் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒற்றை வரி, அடியில் கோடு, கையெழுத்து. அந்தத் தாள் ஃபைலில் இருக்கும் என்பதை நாலு நாளும் நான் நினைக்கவேயில்லை. வழக்கத்தைப் பதினெட்டு வருஷமாகக் கட்டிக் காத்தவள் நான். அவளை எப்படி விழ வைப்பது என்பதிலேயே மனம் நின்றதில் அது மறந்துபோயிருக்கிறது.

"செஞ்சு பார்த்தது யாரு? அவங்களுக்கும் தெரியலையா?" என்று அதிபர் கேட்டார்.

செய்து பார்த்தது நான்தான் என்று சொல்ல என் வாய் வரவில்லை. மற்ற இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவள் தாளைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தாள். "டீச்சர் செஞ்சு பார்த்ததுக்குப் பிறகு நான்தான் புள்ளித் திட்டத்தை மாத்தினேன் சேர். என் பிழைதான்" என்றாள்.

"அப்பிடி மாத்துறதுன்னா கேட்டுட்டுல்ல மாத்தணும்" என்றார் அதிபர். அவருக்கு அவள் மேல் வருத்தம். "அனுபவம் உள்ளவங்க பக்கத்துலயே இருக்காங்க. சரி, ரெண்டு பேரும் உக்காந்து திருத்தி எடுங்க." என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை நீங்க கண்டீங்க டீச்சர். பதினொன்னு ஏயை நீங்களே வச்சுக்கங்க. அதுதான் சரி" என்றார்.

நினைத்தது நடந்துவிட்டது. நேர்த்தி பலித்தவள் மாதிரி, கோயில் தேர்முட்டியில் தேங்காய் உடைக்கலாம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆசிரியர் அறையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மழை பிடித்திருந்தது. அவள் விடைத்தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஃபைலை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வந்த சுத்தப் பிரதிக்கு முன்னால் அவள் கையால் எழுதிய முதல் புள்ளித் திட்டம் அதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு மூன்று விடையும் இருந்தன. x = 7 இரண்டு புள்ளி, x = 5 இரண்டு புள்ளி, x = 3 இரண்டு புள்ளி. அதற்குக் கீழே, x நாலாக முடியாது, பூச்சியத்துக்கு மைனஸ் சுட்டி கிடையாது என்றும் ஒரு வரி. அந்த நாலைப் பற்றி நான் பலகையில் மூச்சுக்கூட விடவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தையும் மூன்றையும் நாலையும் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து நேராக வெட்டியிருந்தாள். ஏழுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டை ஆறாக மாற்றியிருந்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள். இவ்வளவு நல்ல மனசும் இவளுக்கே இருக்க வேண்டுமா என்று அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. கணக்கிலும் மேல், குணத்திலும் மேல். நான் எதைக் கொண்டு இவளுக்கு ஈடு கொடுப்பது?

"ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ஏழு மட்டும் போட்டிருந்தீங்களே டீச்சர். நான் திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்தேன். ஃபோன்ல கல்குலேட்டர்லயும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுன்னுதான் காட்டிச்சு. ஆனாலும் உங்க கையெழுத்து இருக்கே. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு விதி இருக்கு போலன்னு நினைச்சேன். அதான் வந்து கேட்டேன். நீங்களும் ஏழு மட்டும்தான்னு சொன்னீங்க."

மழைச் சத்தத்தில் அவள் குரல் சின்னதாகக் கேட்டது. நான் அடுத்த கேள்வியையும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சேர் முன்னால என் தாளைக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல்ல? என்னை ஏன் காப்பாத்தினீங்க?"

அவள் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தாள்.

"உங்களைக் காப்பாத்த இல்ல டீச்சர். நான் அவ்வளவு நல்லவ இல்ல. எனக்கு அந்த வகுப்பு வேணும்னு ஆசையா இருந்துச்சு. அந்தப் பிள்ளைங்கள ஒரு வருஷமா நான்தானே படிப்பிச்சேன். ஆனா நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவ, வேலையும் இன்னும் நிரந்தரமாகல்ல. நீங்க பதினெட்டு வருஷம். உங்க தாளைக் காட்டினா, நான் உங்க மேல பழி போடுறேன்னுதான் சொல்லுவாங்க. யாரு டீச்சர் என்னை நம்புவாங்க? கல்குலேட்டர் சொன்னதை நானே நம்பல்லையே."

சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தாள். அந்தப் பெண்பிள்ளையின் தாள். பிழைகளை வெட்டிச் சரி போட்டாள். எழுபத்தொன்றை எழுபத்தைந்தாக்கி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்து, கூட்டிப் பார்க்க என்னிடம் நீட்டினாள்.

நான் கூட்டினேன். பிறகு, "நாளைக்குச் சேர்கிட்ட நானே சொல்றேன். முதல்ல பிழை விட்டது நான்தான்னு சொல்றேன்" என்றேன். அந்த நிமிஷத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

'வேணாம் டீச்சர், விடுங்க' என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் காலையில் நான் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட அதிபர் அறைக்குப் போனபோது, அவள் வராந்தாவில் நின்று பார்த்தாள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க, நான் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமையும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது அவள் அங்கேதான் நின்றாள், ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக்கொண்டு. தலையைத் தூக்கவில்லை.